கேட்டதும் சொன்னதும்: கல்லறைத் தோட்டத்துல கருவேலம் மண்டிப் போச்சு, யாரைக் கேக்குறது?

இந்த மாசம் தபால்லயும் வாட்ஸ்அப்லயும் வந்த கேள்விகள்ல பாதிக்கு மேல ஒரே விஷயம்தான், கல்லறைத் திருநாளுக்கு ஊருக்குப் போயிட்டு வந்தவங்க எழுதுனது. அதைப் பாத்துட்டு மத்தவங்களும் எழுதியிருக்காங்க. அதனால வழக்கமா வர்ற பாகப்பிரிவினை, பென்ஷன், பேரன் ஜாதகம் எல்லாத்தையும் அடுத்த இதழுக்குத் தள்ளிட்டு இதை மட்டும் எடுத்துக்கிட்டோம். முதல் கடிதம் கொஞ்சம் நீளம், சுருக்கலாம்னு பாத்தேன், சுருக்குனா பதில் சொல்ல முடியாது.

கேள்வி: எங்களுக்குப் பூர்வீகம் தேவகோட்டைப் பக்கம் ஒரு கிராமம், இப்ப கோயம்புத்தூர்ல இருக்கோம். எங்க பூட்டனார் கொத்தனாரு, செட்டியார் வீடுகளுக்கு சுண்ணாம்புப் பூச்சு பூசுனவரு. அவரு செத்தப்ப கூட வேலை பாத்தவுகளே கல்லறை கட்டி அதே முட்டைப்பூச்சு பூசி விட்டாகன்னு எங்க அப்பத்தா சொல்லும், அப்பத்தாவையும் அவரு பக்கத்துலதான் வச்சோம். கொரோனாவுக்கு அப்புறம் யாரும் சரியா ஊருக்குப் போகல, இந்த நவம்பர் 2 போனா உள்ள காலு வைக்க முடியல. முழுக்க கருவேலம், பாதிக் கல்லறையக் காணோம், ஒரு பக்கம் சுவரு விழுந்து ஆடு மேயுது, மூலையில ஒருத்தர் வைக்கப்போர் போட்டு வச்சிருக்காரு. சாமியார்கிட்ட கேட்டா அது பஞ்சாயத்து இடம்ங்குறாரு, பஞ்சாயத்துல கேட்டா உங்க கோயில் இடம்ங்குறாங்க. அப்பத்தா கல்லறைக்கு மெழுகுவர்த்தி கூட வைக்காம வாசல்லயே நின்னு செபம் சொல்லிட்டு வந்தோம். சொந்தக்காரங்க எல்லாரும் குரூப் ஆரம்பிச்சு பணம் சேத்துட்டோம், ஜேசிபி விட்டு கிளீன் பண்ணி எல்லாத்துக்கும் டைல்ஸ் ஒட்டிரலாம்னு தம்பி சொல்றான், செய்யலாமா?
– வாசகி, கோயம்புத்தூர்

பதில்: மொதல்ல தம்பிக்கு ஒரு போன் போடுங்க தங்கச்சி, ஜேசிபிக்கு அட்வான்ஸ் குடுத்திருந்தா திருப்பி வாங்கச் சொல்லுங்க.

ஜேசிபி ஓட்டுறவருக்குக் கண்ணுக்குத் தெரியிறது கருவேல மரம் மட்டும்தான். பழைய கல்லறைல பாதி தரைமட்டத்துக்கு இறங்கியிருக்கும், மேல ஒரு சாண் செம்மண்ணு மூடியிருக்கும். பல பேருக்குக் கட்டடமே இருந்திருக்காது, வெறும் மண்மேடு, தலைமாட்டுல ஒரு செம்புறாங்கல்லு இல்லாட்டி மரச்சிலுவ, அந்த மரச்சிலுவயக் கரையான் எப்பவோ தின்னு முடிச்சிருக்கும். வண்டி ஒரு தடவ உள்ள போய் வேரோட புடுங்க ஆரம்பிச்சா அரை நாள்ல இடம் பளிச்சுன்னு ஆயிரும், யாரு எங்க கிடந்தாங்கங்குறதும் அதோட சேந்து போயிரும். கருவேலம் ஒரு கல்லறைய உடைக்க வருசக்கணக்காகும், வேரு மெதுவா செங்கல்லுக்கு நடுவுல போயி விரிசல் விடும், அவ்வளவுதான். நல்ல மனசோட போற மெஷின் ஒரே காலைல அதைச் செஞ்சிரும்.

அதனால அரிவாளுக்கு முன்னாடி நோட்டை எடுங்க. சிரிக்காதீங்க, இதுதான் முக்கியமான வேலை, இதுக்குப் பணமும் வேண்டாம். உங்க பங்குக் கோயில்ல (பங்குன்னா ஒரு சாமியார் பொறுப்புல இருக்குற வட்டாரம்) மரணப் பதிவேடுன்னு ஒண்ணு இருக்கும், கத்தோலிக்கக் கோயில்ல ஞானஸ்நானம், கல்யாணம் மாதிரியே சாவையும் எழுதி வைக்கணும்ங்குறது திருச்சபைச் சட்டம். பேரு, வயசு, அப்பா பேரு இல்லாட்டி புருசன் பேரு, செத்த தேதி, அடக்கம் பண்ணுன தேதி, எந்தச் சாமியார் பண்ணாரு, இவ்வளவும் இருக்கும், பழைய பக்கங்கள் லத்தீன்ல இருந்தா பயப்படாதீங்க, திரும்பத் திரும்ப வர்ற பத்துப் பதினஞ்சு வார்த்தைதான், சாமியாரே சொல்லிக் குடுத்துருவாரு. உங்க ஊரு முன்னாடி கிளைப் பங்கா இருந்திருந்தா பதிவு உங்க கோயில்ல இருக்காது, அப்ப எது தலைமைப் பங்கோ அங்க போகணும், சருகணி மாதிரி பழைய பங்குகளுக்குக் கீழ எத்தனையோ கிராமம் இருந்துச்சு. இன்னொண்ணு, சிவகங்கை மறைமாவட்டம் 1987ல தான் மதுரையிலருந்து பிரிஞ்சது, அதுக்கு முந்தின கடிதம், நிலப் பத்திரம், வரைபடம் ஏதும் வேணும்னா மதுரை ஆயர் இல்லத்துலயும் ஒரு வார்த்தை கேளுங்க. அதைவிடப் பழசுன்னா சேசு சபைக்காரங்களோட மதுரை மிஷன் ஆவணங்கள் கொடைக்கானல் செண்பகனூர்ல சேத்து வச்சது, ஆராய்ச்சி பண்றவங்கதான் போவாங்க, குடும்பத்துக்காகப் போகக் கூடாதுன்னு ஒண்ணும் இல்ல.

பதிவேட்டுல பேரு கிடைக்கும், இடம் கிடைக்காது. எந்த வரிசைல எத்தனாவது கல்லறைன்னு யாரும் எழுதி வைக்கிறது இல்ல. அது இருக்குறது ஊருல உள்ள வயசானவங்க தலைக்குள்ள, கோயில் வேலைகளைப் பாத்துக்கிற கோயில்பிள்ளை தலைக்குள்ள, அப்புறம் குழி வெட்டுனவரு தலைக்குள்ள. குழி வெட்டுறவரை ஊர்ல யாரும் ஒரு ஆளா மதிச்சுக் கேக்குறது கிடையாது, ஆனா எந்த மண்மேட்டுக்குக் கீழ யாருன்னு அவருக்குத்தான் தெரியும், ஏன்னா புதுசா வெட்டும்போது பழசுல இடிக்காம வெட்டணுமில்ல. அவரைக் கூட்டிக்கிட்டுப் போயி, நாற்காலி போட்டு உக்கார வச்சு, கூலி குடுத்து, போன்ல வீடியோ எடுத்துக்கிட்டே கேளுங்க. வைக்கப்போர் போட்டவரையும் விடாதீங்க, சண்டைக்குப் போயிராதீங்க, அந்த இடத்துக்குள்ள தினம் போயிட்டு வர்ற ஒரே ஆளு அவருதான், எந்தக் கல்லு எப்ப சாஞ்சதுன்னு அவருக்கும் ஆடு மேய்க்கிற பையனுக்கும் தெரிஞ்ச அளவுக்குக் கோயம்புத்தூர்ல இருக்குற நமக்குத் தெரியாது. போரை நகத்தச் சொல்றதைப் பேசிப் பழகுனதுக்கு அப்புறம் பாத்துக்கலாம்.

கல்லுல எழுத்து தெரியலன்னா சாக்பீசு தேய்க்கிறது, மாவு பூசுறது, கம்பி பிரஷ் போட்டு உரசுறது, ஆசிட் ஊத்துறது ஒண்ணும் வேண்டாம், அதெல்லாம் எழுத்தோட ஓரத்தைத் தின்னுரும். உச்சி வெயில்ல போட்டோ எடுத்தா ஒண்ணும் தெரியாது. காலைல ஏழு மணிக்கோ சாயங்காலம் வெயில் சாயும்போதோ போங்க, வெளிச்சம் பக்கவாட்டுல விழுந்தா பள்ளத்துல நிழல் விழுந்து எழுத்து தானா எந்திரிச்சு நிக்கும், இல்லாட்டி இருட்டுனதுக்கு அப்புறம் டார்ச்சைக் கல்லோட ஓரமா ஒட்டிப் புடிங்க. கொஞ்சம் தண்ணி தெளிச்சும் பாக்கலாம். பழைய கல்லுல தமிழ் எண்ணு இருக்கலாம், தமிழ் வருசப் பேரு மட்டும் கூட இருக்கலாம், அது அறுபது வருசத்துக்கு ஒருக்கா திரும்ப வர்றதுங்குறத மனசுல வச்சுக்கங்க, பரிதாபின்னு போட்டிருந்தா 1912ஆ இருக்கலாம் 1972ஆவும் இருக்கலாம், பதிவேட்டோட ஒத்துப் பாத்தாத்தான் தெரியும். றா, ணா, லை எல்லாம் பழைய வடிவத்துல இருந்தா 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தினதா இருக்கும்னு ஒரு குத்துமதிப்புக்கு வரலாம், ஆனா கல்லு கொத்துறவங்க பழக்கத்தை அவ்வளவு சீக்கிரம் விடமாட்டாங்க, அதனால அதையே முடிவா எடுத்துக்க வேண்டாம்.

இதுல ஒரு விஷயம் எழுதலாமா வேண்டாமான்னு யோசிச்சேன், எழுதிர்றேன். நம்ம பக்கத்துக் கல்லறைத் தோட்டங்கள்ல சாதி பாத்துப் பொதைச்ச பழக்கம் இருந்துச்சு, திருச்சி மேலப்புதூர்ல கல்லறைக்கு நடுவுல சுவரே எழுப்புனது ஊருக்கே தெரியும். உங்க ஊர்லயும் ஒரு மூலை ஒதுங்குனாப்ல, கல்லு இல்லாம, வெறும் மேடா இருந்தா அதை விட்டுட்டு உங்க சொந்தக்காரங்க வரிசையை மட்டும் பட்டியல் போடாதீங்க. பதிவேட்டுல அவங்க பேரும் இருக்கு. பணம் போட்டவன் வரிசை மட்டும் சுத்தமாகி மத்தது காடாவே கிடந்தா அடுத்த வருசம் கருவேலம் அங்கருந்துதான் இங்க வரும், இது நியாயத்துக்காகச் சொல்றது மட்டும் இல்ல, செடி விஷயமாவும் சொல்றேன்.

சரி, யாரு இடம். உங்க சாமியாரு பொய் சொல்லல, பஞ்சாயத்துக்காரங்களும் பொய் சொல்லியிருக்க மாட்டாங்க, ரெண்டு பேருமே காகிதத்தைப் பாக்கலன்னு நினைக்கிறேன். அந்தக் காலத்துல இந்தப் பக்கம் பூரா ஜமீன் நிலம், கோயிலுக்கோ ஊருக்கோ இடுகாடு விட்டதெல்லாம் பாதி வாய்வார்த்தைதான். 1948 ஜமீன் ஒழிப்புச் சட்டத்துக்கு அப்புறம் அரசாங்கம் செட்டில்மெண்ட் பண்ணும்போது சில எடம் கோயில் பேருக்குப் பட்டாவாச்சு, சிலது இடுகாடுன்னு புறம்போக்குல போயிருச்சு, அதுக்கப்புறம் எண்பதுகள்ல நில உடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டம் வந்தப்ப எண்ணு மாறி, உட்பிரிவு மாறி, இன்னும் கொஞ்சம் குழம்புச்சு. உங்க விஏஓ கிட்ட சர்வே நம்பரைக் கேட்டு வாங்கிட்டு தமிழ்நாடு அரசோட இ-சர்வீசஸ் தளத்துல 'அ' பதிவேடு எடுத்துப் பாருங்க, வகைப்பாடு என்னன்னு அதுல தெரிஞ்சிரும். புறம்போக்கு இடுகாடுன்னு இருந்தா பராமரிக்கிற பொறுப்பு பஞ்சாயத்துக்கு, அங்க கேக்க உங்களுக்கு உரிமை இருக்கு. ஆயர் பேருலயோ கோயில் பேருலயோ பட்டா இருந்தா பங்குப் பேரவைதான் தீர்மானம் போடணும், அதைப் போடாம நீங்களா ஒரு மரம் வெட்டுனாலும் நாளைக்குப் பேச்சு வரும். ரெண்டுல எதுவா இருந்தாலும் புலப்பட நகல் (அந்த சர்வே நம்பரோட அளவு வரைபடம்) வாங்கி தாலுகா சர்வேயரை வச்சு அளந்து கல்லு நட்டுருங்க, சுவரு விழுந்த பக்கம் எல்லை எவ்வளவு தூரம் உள்ள வந்திருக்குன்னு அப்பத்தான் புரியும். சுத்துச்சுவரு, பாதைக்கு அரசு உதவி கேக்கலாம், கலெக்டர் ஆபீஸ்ல பிற்படுத்தப்பட்டோர் மற்றும் சிறுபான்மையினர் நல அலுவலகம் இருக்கு, எழுத்துல மனு குடுங்க, ஆனா இடம் யாரு பேருல இருக்குன்னு காகிதம் இல்லாம அங்க போயி பிரயோஜனம் இல்ல.

இப்ப மரத்துக்கு வருவோம். சீமைக்கருவேலத்தை வெளியாளு கரிமூட்டம் போடுறதுக்கு சும்மாவே வெட்டிக்கிட்டுப் போவான், சில சமயம் காசும் குடுப்பான், ஆனா அவனுக்கு வேணும்ங்குறது கட்டைதான், தூரு நம்ம தலைல. தூரை விட்டா அடுத்த மழைக்கு ஒண்ணுக்கு அஞ்சாத் துளுக்கும், மொட்டு எல்லாம் மண்ணுக்குக் கீழ இருக்கு. அதனால தரைக்கு ஒரு சாணுக்குக் கீழ வரைக்கும் தோண்டி கையால வெட்டணும், கல்லறைக்கு இடைல உள்ள மரத்துக்கு இது சரி. கல்லறை மேலயே, இல்ல அதோட சுவத்துலயே முளைச்சு நிக்கிற மரத்தைப் புடுங்கக் கூடாது, புடுங்குனா கட்டடம் கூடவே வரும், தரையோட ஒட்டி வெட்டிட்டு வெட்டுன வாய்க்கு அப்பவே மருந்து தடவலாம், என்ன மருந்து எவ்வளவுன்னு வேளாண்மை ஆபீஸ்ல கேட்டுச் செய்யுங்க, அப்புறம் துளுக்கத் துளுக்கக் கிள்ளி விடணும். வெட்டுற ஆள்கிட்ட டிராக்டர் உள்ள வரக்கூடாது, கட்டையைத் தலைச்சுமையாதான் வெளிய கொண்டு போகணும்னு முன்னாடியே பேசிருங்க, எழுதிக்கிட்டா இன்னும் நல்லது. இந்த வேலைய அக்டோபர்ல செய்யாதீங்க. எல்லாரும் கல்லறைத் திருநாளுக்குப் பத்து நாளு இருக்கும்போதுதான் ஓடி வர்றோம், அது நமக்கு ஐப்பசி மழை, மண்ணு கொழகொழன்னு இருக்கும், மிதிச்ச எடமெல்லாம் உள்ள இறங்கும், புதர்ல கண்ணாடி விரியன் வேற. மாசி பங்குனில வாங்க.

டைல்ஸ் விஷயத்துல நான் கொஞ்சம் கறாராத்தான் சொல்வேன். செட்டியார் வீட்டுச் சுவரைத் தொட்டுப் பாத்திருப்பீங்க, இந்த வெயில்லயும் சில்லுனு வழவழன்னு இருக்கும், சுண்ணாம்பைப் பல பூச்சாப் பூசி, கடைசில முட்டை வெள்ளைக்கரு சேத்துக் கல்லால தேய்ச்சு மெருகு ஏத்துனது. அதைப் பூசுன கையை, அதே பூச்சுக்குள்ள படுக்க வச்சிருக்காங்க, அது மேல நீங்க பாத்ரூம் டைல்ஸ் ஒட்டப் போறீங்க. மனசுக்கு ஒப்பலங்குறது ஒரு பக்கம், அது நிக்கவும் நிக்காது. சுண்ணாம்பு ஈரத்தை இழுக்கும், வெளிய விடும். அது மேல சிமெண்டைப் பூசுனா மண்ணுலருந்து ஏறுற ஈரம் வெளிய வர வழி இல்லாம செங்கல்லுக்குள்ளயே நின்னு உப்புப் பூத்து, உள்ள செங்கல்லு மாவாக் கொட்டும், வெளிய பாத்தா ரெண்டு மூணு வருசம் நல்லாத்தான் இருக்கும், அப்புறம் டைல்ஸோட பொத்துன்னு விழும். நம்ம ஊர்ல பழைய வீடுகளை ஓட்டலா மாத்த ஆரம்பிச்சதுல ஒரு நன்மை, சுண்ணாம்பு வேலை தெரிஞ்ச கொத்தனாருங்க காரைக்குடி, ஆத்தங்குடிப் பக்கம் இன்னும் இருக்காங்க. ஒருத்தரைப் புடிச்சு உடைஞ்ச இடத்தை மட்டும் சுண்ணாம்புக் கலவைல, கடுக்காய்த் தண்ணி வெல்லத் தண்ணி விட்டு ஒட்டச் சொல்லுங்க, வெயில் நேரத்துல பூசாம ஈரச்சாக்கு போட்டு மூடி ஆற விடணும். முழுசாப் புதுசு பண்ண வேண்டாம். முட்டைப்பூச்சு வரைக்கும் போகணும்னு கூட இல்ல, மழைத்தண்ணி உள்ள இறங்காம இருந்தாப் போதும்.

பணம் மிச்சம் இருக்கும். உடனே குரூப்ல ஒருத்தர் வாசல்ல ஆர்ச் கட்டி உபயம்னு பேரு போடலாம்பாரு, எல்லா ஊர்லயும் ஒருத்தர் இருப்பாரு, அவரைக் கொஞ்சம் ஆறப்போடுங்க. அந்தக் காசைப் போஸ்ட் ஆபீஸ்லயோ பேங்க்லயோ போட்டு, உள்ளூர்ல ஒருத்தருக்கு மாசா மாசம் கூலி குடுத்து துளுத்த கருவேலத்தைக் கிள்ளச் சொல்லுங்க. பங்குல அன்பியம் (பக்கத்துப் பக்கத்து வீட்டுக்காரங்க சேந்த சின்னக் குழு) இருக்குமே, ஒரு அன்பியத்துக்கு ரெண்டு வரிசைன்னு பிரிச்சு விட்டா இன்னும் சுலபம். ஊர்ல ஆளு இருந்தவரைக்கும் இந்த ஏற்பாடெல்லாம் தேவைப்படல, சனிக்கிழமை சாயங்காலம் யாராவது ஒரு பொம்பளை விளக்கமாத்தோட போயிட்டு வந்துரும், இப்ப அந்தப் பொம்பளைங்களும் திருப்பூர்லயும் கோயம்புத்தூர்லயும்தானே இருக்கீங்க.

கேள்வி: காரைக்குடில எங்க ஜமாஅத்துக்குப் பழைய மையவாடி (அடக்கத்தலம்) இருக்கு, எங்க அத்தா, பெரியத்தா எல்லாரையும் அங்கதான் அடக்கினோம். எங்கள்ல கபுரைக் (கல்லறையை) கட்டுறது இல்ல, அடையாளத்துக்கு நடுற மீசான் கல்லு மட்டும்தான், அதுவும் பாதி சாஞ்சு போச்சு. பக்கத்து இடத்துக்காரரு வேலியை வருசா வருசம் கொஞ்சம் கொஞ்சமா உள்ள தள்றாரு, கேட்டா இங்க கபுரே இல்லையே வெறும் இடம்தானேங்குறாரு. சுவரு எடுப்போம்னு சொன்னா சில பெரியவங்க கபுர்ஸ்தானை அலங்காரம் பண்ணக்கூடாதுங்குறாங்க. என்ன பண்றது?
– வாசகர், காரைக்குடி

பதில்: மார்க்க விஷயத்துக்கு உங்க ஆலிம்சாவைத்தான் கேக்கணும், நான் கேள்விப்பட்ட வரைக்கும் கபுரு மேல கட்டடம் கட்டுறதைத்தான் வேண்டாம்பாங்க, எல்லைல சுவரு எடுக்குறதை அலங்காரம்னு யாரும் சொல்லிக் கேட்டதில்ல. அந்தப் பெரியவங்ககிட்ட ஆடு மாடு கபுரை மிதிக்கிறது மட்டும் சரியான்னு திருப்பிக் கேட்டுப் பாருங்க.

இடத்துக்கு வாங்க. மையவாடி வக்பு சொத்தா (மார்க்கத்துக்காக ஒதுக்கி விட்ட சொத்தா) பதிவாகியிருந்தா அதை யாரும் விக்க முடியாது, தானமாக் குடுக்க முடியாது, எவ்வளவு காலம் புதுசா அடக்கம் பண்ணாம கிடந்தாலும் அது வெறும் இடம் ஆயிராது. வக்பு சொத்தை நிர்வாகம் பண்ற முத்தவல்லிகிட்ட ரெண்டு விஷயம் கேளுங்க. வக்பு வாரியத்துல பதிவு இருக்கா, அந்த நம்பர் என்ன, விஸ்தீரணம் எவ்வளவு போட்டிருக்கு. ரெண்டாவது, 2025 ஜூன்ல மத்திய அரசு உமீத்னு ஒரு போர்ட்டல் ஆரம்பிச்சு எல்லா வக்பு சொத்து விவரத்தையும் அதுல ஏத்தச் சொன்னாங்க, உங்க மையவாடியை ஏத்தியாச்சா. பள்ளிவாசலையும் கடை வாடகை வர்ற சொத்தையும் முதல்ல ஏத்திட்டு, வருமானம் இல்லாத மையவாடியை அப்புறம் பாக்கலாம்னு விட்டிருந்தா இப்பவே விசாரிச்சு மேற்கொண்டு ஆக வேண்டியதைப் பாருங்க. காரைக்குடி 2024ல மாநகராட்சி ஆனதுக்கு அப்புறம் நில விலை எங்கயோ போயிருச்சு, வேலி நகர்றது அதனாலதான், கபுரு தெரியாததால இல்ல.

அளந்து கல்லு நடுறது மேல சொன்ன மாதிரிதான். அளக்கும்போது பக்கத்து இடத்துக்காரருக்கும் நோட்டீஸ் போகும், அவரும் வந்து நிக்கட்டும், அதுக்கப்புறமும் வேலி நகந்தா போலீஸ்ல எழுத்துல புகார் குடுங்க. அடக்கம் பண்ணுன இடத்துல மத்தவங்க மனசு புண்படும்னு தெரிஞ்சே அத்துமீறி நுழையிறது குற்றம், பழைய இந்திய தண்டனைச் சட்டத்துல 297, இப்ப 2024 ஜூலைலருந்து வந்திருக்குற பாரதிய நியாய சன்ஹிதாவுல 301, ஒரு வருசம் வரைக்கும் தண்டனை இருக்கு. மீசான் கல்லை நிமித்தி வைக்கிறதுக்கு யாரும் ஆட்சேபிக்க மாட்டாங்க, பேரு எழுத வேண்டாம்னு ஜமாஅத் முடிவு பண்ணுனா ஒரு தாள்ல வரைபடம் போட்டு யாரு எங்கன்னு பள்ளிவாசல் பீரோவுல வச்சிருங்க.

கேள்வி: நாங்க நகரத்தார். எங்கள்ல எரிக்கிறதுதான், வருசத்துக்கு ஒருக்கா படைப்பு வீட்டுல கூடிப் படைச்சுட்டா முன்னோர்களைக் கும்பிட்ட மாதிரி. உயிரோட இருக்குற பெரிய வீடுகளே பராமரிக்க ஆள் இல்லாம இடிஞ்சு விழுகுது, பழைய கல்லறைக்கெல்லாம் இவ்வளவு மெனக்கெடணுமான்னு இருக்கு. தப்பா எடுத்துக்காதீங்க.
– ஒரு ஆச்சி, பள்ளத்தூர்

பதில்: தப்பா எடுக்கல ஆச்சி, ஆனா நீங்க சொன்னதுலயே பதில் இருக்கு. உங்க வீடு பூட்டிக் கிடக்கலாம், படைப்பு நிக்கல. சிங்கப்பூர்ல இருந்தாலும் பங்காளிக அன்னைக்கு வந்துர்றாக, வராதவுக புள்ளிக்கு (கல்யாணமான ஒவ்வொரு குடும்பத்துக்கும் உள்ள பங்குக்கு) பணம் அனுப்பிர்றாக, யாருக்குப் படைக்கிறோம்னு பேரு சொல்லத் தெரியுது. பொதைக்கிறவங்களுக்குக் கல்லறைதான் அந்தப் படைப்பு வீடு. கோவிலூர் மடத்துல பாருங்க, மடத்தை ஆரம்பிச்ச முத்துராமலிங்க ஞான தேசிகரோட அதிஷ்டானம் (சமாதிக் கோயில்) இன்னைக்கும் நல்லா இருக்கு, அங்க தினம் பூசை பண்ண மடம்னு ஒரு ஏற்பாடு இருக்கு, முதல் கடிதத்துல வந்த கொத்தனாருக்கும் அவரு மருமகளுக்கும் அந்த ஏற்பாடு இல்ல, அவ்வளவுதான் வித்தியாசம்.

இடிஞ்சு விழுகுற வீடுகளைப் பத்தித் தனியா எழுதுங்க, அதுக்கு ஒரு இதழ் முழுக்க வேணும்.

கேள்வி: எங்க தாத்தா ஐம்பதுகள்ல சிங்கப்பூர்ல வேலை பாத்தப்ப இறந்துட்டார், பிடாடாரி கிறிஸ்தவக் கல்லறையில அடக்கம் பண்ணுனதா ஒரு போட்டோ மட்டும் வீட்டுல இருக்கு, சிலுவையில பேரு தெளிவாத் தெரியுது. என் மகன் இப்ப சிங்கப்பூர்ல இருக்கான், நான் போகும்போது அந்த இடத்தைப் பாக்கணும்னு ஆசை. எப்படிக் கண்டுபுடிக்கிறது?
– வாசகர், தேவகோட்டை

பதில்: ஐயா, இதைச் சுத்தி வளைச்சுச் சொல்லிப் பிரயோஜனம் இல்ல, அந்தக் கல்லறை இப்ப இல்ல. பிடாடாரி 1908லருந்து கிறிஸ்தவங்களுக்கு இருந்த இடம், பக்கத்துலயே முஸ்லிம்களுக்கும் இடம் இருந்துச்சு, 1972ல புது அடக்கத்தை நிறுத்திட்டாங்க. அப்புறம் வீடு கட்ட, ரயில் விட இடம் வேணும்னு 2001லருந்து 2006க்குள்ள மொத்தமாத் தோண்டி எடுத்தாங்க, கிறிஸ்தவக் கல்லறை மட்டும் ஏறத்தாழ 58,000, முஸ்லிம் கல்லறை 68,000. முன்கூட்டியே அறிவிப்புக் குடுத்து, உரிமை கோரி வந்த கிறிஸ்தவக் குடும்பத்துக்கு எலும்பை எரிச்சுச் சாம்பலாக் குடுத்தாங்க. யாரும் வராத கிறிஸ்தவக் கல்லறைகளைத் தகனம் பண்ணிக் கடல்ல கரைச்சாங்க, முஸ்லிம்களை சுவா சூ காங் பக்கம் கொண்டு போயி மறுபடி அடக்கம் பண்ணாங்க. தேவகோட்டைல இருந்த உங்க வீட்டுக்கு அந்த அறிவிப்பு எப்படி வந்து சேரும், அப்ப யாரும் பாத்திருக்க மாட்டீங்க.

அங்க இடம் அவ்வளவு சின்னது, கோபப்பட்டும் பலன் இல்ல. இப்பவும் சிங்கப்பூர்ல புதுசா அடக்கம் பண்ணுறவங்களுக்குப் பதினஞ்சு வருசம்தான், அதுக்கப்புறம் தோண்டி எடுத்துருவாங்க, 1998லருந்து அதான் விதி. ஊர்ல ஏக்கர் கணக்குல இடத்தைக் காடா விட்டு வச்சிருக்குற நாம அவங்களைக் குறை சொல்றதும் கொஞ்சம் கஷ்டம்தான்.

ஆனாலும் போங்க. வுட்லி எம்ஆர்டி ஸ்டேஷன்ல இறங்குனா அந்தப் பக்கம் பூரா பழைய பிடாடாரிதான், இப்ப அடுக்குமாடி வீடுகளும் பூங்காவும் இருக்கு. பழைய கல்லறைக் கல்லுகள்ல கொஞ்சத்தையும் வாசல் தூணுகளையும் எடுத்து வச்சு நினைவுத் தோட்டம்னு ஒண்ணு அமைச்சாங்க, அது இப்ப எந்த இடத்துல இருக்குன்னு மகனைக் கேட்டுப் பாக்கச் சொல்லுங்க. தாத்தா எந்தச் சபைன்னு தெரிஞ்சா அந்தச் சபையோட பழைய கோயில்ல அடக்கப் பதிவு கேக்கலாம், தமிழ்க் கத்தோலிக்கர்னா ஓஃபிர் ரோட்டுல இருக்குற லூர்து மாதா கோயில்ல முதல்ல விசாரிங்க, 1888ல தமிழ் மக்களுக்காகக் கட்டுனது, அந்தக் காலத்துல நம்ம ஊர்லருந்து போனவங்க பெரும்பாலும் அங்கதான் போயிருப்பாங்க. போகும்போது அந்தப் போட்டோவை நல்ல ஸ்கேன் எடுத்து, பின்னால என்ன எழுதியிருக்கோ அதையும் எடுத்துக்கிட்டுப் போங்க. ஒரிஜினலை எடுத்துக்கிட்டுப் போயி டாக்ஸில விட்டுராதீங்க.